கவசத்தின் உள்பக்கம்

கோளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பகலில் ஈயம் உருகும், இரவில் அமில மழை,
காற்று முழுக்க நஞ்சு என்று
மூன்றாம் பக்கத்தில் லக்ஷித எழுதியிருந்தான்.
பதினெட்டாம் திகதிக்குள் கவசம் வேணும்.
தோளில் கொம்பு இருந்தால் எடுப்பாயிருக்கும்.

கொம்பை வரைந்தேன்.
வரைந்துவிட்டு அழித்தேன்.
ஈயம் உருகும் ஊரில்
யாரைப் போய் முட்டப் போகிறான்?

பஞ்சிகாவத்தையில்
ஓட்டோக்களுக்கு ஹூட் தைக்கிற முஸம்மில் நானா
மழைக்கா வெயிலுக்கா என்றுதான் கேட்டார்,
எந்தக் கோள் என்று கேட்கவில்லை.
ரெண்டுக்கும், என்றேன். அமிலத்துக்கும்.
பற்றரித் தண்ணி மாதிரியா என்று
தன் காற்சட்டையைக் காட்டினார்.
பதினொரு ஓட்டை.
ஒவ்வொன்றின் விளிம்பும்
நெருப்பில்லாமல் கருகி, மஞ்சளாய்.
அன்றிரவே அவற்றை வரைபடத்தில் சேர்த்தேன்,
வலது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே.
புதுக் கவசத்தோடு ஒருவரும்
வேலைக்குப் போவதில்லை.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
நான்கு யோகாப் பாய்களைச் சூடுகாட்டி வளைத்தால்
ஒரு நெஞ்சுத்தட்டு.
பால்மா டின்னின் மூடி முழங்கைக்கு.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் கிடக்கும் உடம்பு
கொஞ்சம் அசைந்து அடங்கும்.
றப்பர் மணக்குது என்று கீழ்வீட்டார் வந்து
வாசலில் நின்று எட்டிப் பார்த்து
ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.
கடற்காற்றில் கொளுக்கிகள்
ஒரே கிழமையில் துருப்பிடித்தன.
இன்னும் புறப்படவே இல்லை நாங்கள்.

இடது நெஞ்சில் இந்தப் பை எதுக்கு?
அடையாள அட்டைக்கு.
அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?
தெரியாது, இருக்கட்டும் என்றேன்.
லக்ஷித சிரித்தான்.
டிலுக்ஷன் சிரிக்கவில்லை,
விரலை விட்டு ஆழம் பார்த்தான்.

சித்திரை மாதம். கரண்ட் இல்லை.
ஏழு கொளுக்கியும் பூட்டி
டிலுக்ஷனை மொட்டைமாடியில் நிறுத்தினோம்.
பன்னிரண்டாவது நிமிஷம்
கையுறை எழுந்து கண்ணாடியில் மோதியது.
மறுபடி மோதியது.
மூன்றாம் முறை மோதியபோது
அந்நிய வானத்தைத் தொடுகிறான் என்று
லக்ஷித கை தட்டினான்.
கழற்ற நாலு நிமிஷம் பிடித்தது.
முக்குளித்து வந்தவன் போல் நின்று
தண்ணி கேட்கவில்லை அவன்.
மூக்கு, என்றான்.
மூக்கு கடிக்குது.

வெப்பத்தை யோசித்தேன்,
அமிலத்தை, நஞ்சை,
விழுந்தால் எழும்புவதை எல்லாம் யோசித்தேன்.
சொறிவதை யோசிக்கவில்லை.

வாசல் கால்மிதியில் ஒரு விரலகலம் வெட்டி
தலைக்கவசத்தின் உள்ளே, இடப்பக்கம்,
மூக்கு எட்டுகிற இடத்தில் ஒட்டினேன்.
தும்புப் பக்கம் வெளியே தெரிய.
கமெராவுக்கு அது தெரியாது.

படப்பிடிப்பில்
நாற்பது நிமிஷம் நின்றான் டிலுக்ஷன்.
நடுவில் ஒருமுறை
தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்து
அப்படியே கொஞ்சநேரம் இருந்தான்.
பார், அந்தச் சாய்வில் எவ்வளவு தனிமை என்று
என் காதில் சொன்னான் லக்ஷித,
குரல் தழுதழுக்க.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்:
கால்மிதித் துண்டு.
ஈரமானால் மாற்றவும்.