ஊதாப் பலகை

கஸ்டம்ஸ் வரி தனியாம்,
மூவாயிரத்து நூற்றி நாற்பது.
ஐந்து ரோடு கூரியர் ஆபீஸில்
மாதையன் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தான்.
"கொலுசைவிட லேசா இருக்கேக்கா."

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை.
ஊரில் எல்லாரிடமும் இருக்கும் சில்லு இதில் இல்லை.
ரிஸ்க்-ஃபைவ் என்று ஒன்று.
"பேர்லயே ரிஸ்க்கா" என்றார் பூபதி,
தட்டுவடை செட்டின் பீட்ரூட் சட்டையில் விழாமல் கடித்தபடி.

படம் ஓடுமா?
திக்கித் திக்கி.
பட்டறைக் கணக்கு?
ஓடாது.
பிரிண்டர்?
அதைக் கேட்காதீங்க.
அப்புறம் என்னதான் பண்ணும்?
மெல்லச் சூடாகும்.

இந்தக் காசுக்கு
ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருக்கலாம், பையோடு.
தெரியும்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில்
பகல் முழுக்க என் முன்னால் இருப்பது அப்படி ஒன்றுதான்.
தட்டினால் திறக்கும், கேட்டால் தரும்.
நான் லீவு போட்ட நாளில்
வேறு யாருக்கோ அதே முகத்தோடு திறந்திருக்கும்.

குப்பனூர் வழியாக ஏற்காடு போவது மாதிரி
என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன்.
பஸ் கூட்டம் இருக்காது, ஹாரன் இருக்காது...
சொல்லும்போதே பொய் என்று தெரிந்துவிட்டது.
குப்பனூர் வழியில் ரோடு இருக்கிறது.

மூன்று ஒயர். வெள்ளை, பச்சை, கறுப்பு.
வெள்ளையையும் பச்சையையும் மாற்றிச் செருகிவிட்டு
இரண்டு ராத்திரி இருட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் ராத்திரி எழுத்து வந்தது.
நாற்பது வரி ஓடி நின்றது.
அணைத்துப் போட்டேன்.
நாற்பது வரி.
கையேட்டில் பாதி சீனம்,
மீதி யாரோ தூக்கத்தில் எழுதியது.
எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை,
அதில் ஒரு பூஜ்யம் குறைந்தது.
வெள்ளி எடையில் குறைந்திருந்தால்
அன்றைக்கே சீட்டு கிழிந்திருக்கும்.
இங்கே அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது,
இத்தனை பக்கம் தாண்டி யாரும் வராததால்.

பூஜ்யத்தைப் போட்டேன்.
கர்னலை மறுபடி கட்ட
வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஐந்து மணி நேரம்.
நடுவில் கரண்ட் போனது.
பின்தெரு விசைத்தறிகள் ஒரே மூச்சில் நின்றன.
மொட்டை மாடிக்குப் போனேன்.
மலையில் ஒரு லாரி வெளிச்சம்
வளைவுக்கு வளைவு காணாமல் போய்
கொஞ்சம் மேலே வந்து வந்து எரிந்தது.
தறிச் சத்தம் திரும்பியதும் கீழே ஓடினேன்.

நாலே முக்காலுக்கு
நாற்பத்தோராவது வரி.

சத்தம் போட்டிருப்பேன் போலிருக்கிறது.
பூபதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.
"இப்ப படம் ஓடுமா?"
இல்லை.
"நெட்?"
வைஃபை சில்லுக்கு இன்னும் டிரைவரே யாரும் எழுதவில்லை
என்றேன்.
என் குரல் எனக்கே கேட்டது.
பரிசு விழுந்தவள் மாதிரி இருந்தது.