சாத்தானின் தொந்தி

மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு.
அதில் ஒரு சாத்தானுக்கும் கண் இல்லை.
நானூறு வருடமாக
ஆணியாலும் கரண்டிக் காம்பாலும்
சாவியாலும் நகத்தாலும்
ஊரே வந்து தோண்டி எடுத்திருக்கிறது.
ஒரு குழியில் சிலந்திக் கூடு.
ஒன்றில் சூரியகாந்தி விதையின் தோல்,
போன ஞாயிறு பூசையில் எவனோ பையன் துப்பியது.

புக்கரெஸ்டிலிருந்து வந்த உத்தரவு:
அழுக்கு நீக்குக. விரிசல் அடைக்க.
கண்களை வரைய வேண்டாம்.
ஒரு சாரம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
விரல் மரத்துப்போகும் மார்ச்.

தெற்குச் சுவரில் புனிதர்களுக்கும் கண் இல்லை.
அவர்கள் மேல் என்ன கோபம் என்று கேட்டேன்.
மணியடிக்கும் பஹோமியே சிரித்தான்.
"கோபமில்லை, மருந்து.
புனிதரின் கண்ணைச் சுரண்டித்
தண்ணீரில் கரைத்து விட்டால்
பார்வை திரும்பும் என்பார்கள்."
உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.
வெறுத்துத் தோண்டிய குழியும்
நம்பித் தோண்டிய குழியும்
ஒரே ஆழம்.
பிரித்துச் சொல்ல என் படிப்பில் வழி இல்லை.

தராசுக்குக் கீழே ஒருவன், தொந்திக்காரன்.
தட்டைக் கொக்கி போட்டு இழுக்கிறான்.
மறு தட்டில் ஆத்மா,
கைக்குழந்தை அளவு, அம்மணமாக.
தொந்தியில் யாரோ செதுக்கியிருந்தார்கள்:
தோடொரான் கவ்ரிலா, 1951.

யார் என்றதும் பஹோமியே சிரிப்பை நிறுத்தினான்.
தானிய வசூல்.
விதைக்கு ஒதுக்கியதையும் அளக்கச் சொன்னவன்.
கையில் துடைப்பத்தோடு வருவான்.
பரணைப் பெருக்கி, கூட்டியதையும் சாக்கில் போடுவான்.
அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஒன்பது சவப்பெட்டி.
ஆறு சிறியவை.

கொம்பும் வாலும் வரைந்தவன் நல்ல கைகாரன்தான்.
துடைப்பம் வரைய அவனுக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பால் கொண்டுவரும் வெதுரியா
ஒரு நாள் போகாமல் சாரத்தடியில் நின்றாள்.
ஐம்பது தாண்டியிருக்கும்.
"அந்த வயிற்றில் இருப்பதை
சுண்ணாம்பு வைத்து மூட முடியுமா?"
தூக்குப்பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
அப்போதுதான் அவள் குடும்பப் பெயர் நினைவுக்கு வந்தது.
முடியாது, அது சரித்திரம் என்றேன்.
சரித்திரம்
என் வாயிலிருந்து புகையாகப் போனது.

அன்று மாலை தூரிகையால் துடைக்கத் துடைக்க
பெயருக்கு அடியில் இன்னொரு பெயர்,
பழைய சிரிலிக் எழுத்தில்.
அதற்கும் அடியில் சுவர் தின்ற பாதி எழுத்து.
வரி பிடுங்கியவனோ, பெண்ணைக் கெடுத்தவனோ,
கிணற்றில் எதையோ போட்டவனோ.
எத்தனை பேர் வந்தாலும்
தொந்தியில் இடம் இருந்துகொண்டே இருக்கிறது.
"உனக்கு யாராவது உண்டா, அங்கே எழுத?"
பஹோமியேவைக் கேட்டேன்.
"உண்டு. கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்."
அவன் போன பிறகு
எனக்கும் ஒரு பெயர் ஞாபகம் வந்தது.
கையில் கத்தி இருந்தது. கூர்மையான கத்தி.
அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மே மாதம், சாரம் பிரிக்கும் நாள்.
கடைசியாக ஒருமுறை ஏறினேன்.
தோடொரானின் பெயருக்குக் கீழே புதுக் கீறல்.
ஆழமில்லை. ஊசியாக இருக்கும்.
கை நடுங்கியிருக்கிறது.

எனக்கு பூட்ஸ் வாங்கித் தந்தார். சிவப்பு.

பலகையில் வெள்ளைத் தூள்
இன்னும் காற்றில் கலையாமல் இருந்தது.
இப்படி இருந்தால் நான் எழுத வேண்டியது:
அண்மைச் சேதம். நிரப்புக.

வாசலில் பால்.
மூடி போட்டு, மூடி மேல் கல் வைத்து.
நின்றபடியே குடித்தேன்.
அந்த ஆறு சிறிய பெட்டிகளை நினைத்துக்கொண்டேதான்
குடித்தேன். பால் நன்றாக இருந்தது.

பிறகு மேலே போய்த்
தூளை ஊதிவிட்டேன்.
படிவத்தில் காலம் என்ற கட்டத்துக்குள்
தெரியவில்லை என்று எழுதினேன்.