அட்டைப்படம்

மில்வாக்கி. பிப்ரவரி. நிலக்கரி தீர்ந்த அறை.
பால் வண்டிக்காரன் காசிமிர் சட்டையைக் கழற்றி
துடைப்பக் கட்டையை ஓங்கி நிற்கிறான்.
மணிக்கு முப்பது சென்ட். பல் கிட்டுகிறது.
"அசையாதே" என்கிறேன். "நீ காட்டரசன்."

மடியில் நூலகத்து ரோம வரலாறு,
திருப்பித் தரவேண்டிய தேதி தாண்டிவிட்டது.
ரைன் நதிக்கு அப்பால் ஒருவனைப் பற்றி
யாரோ ஒரு படைக் கணக்கன் எழுதியிருக்கிறான்:
எட்டடி உயரம். எருதைத் தோளில் சுமப்பான்.
சிரித்தால் குதிரைகள் மிரளும்.

அளந்தா பார்த்தான்?
ஓடிக்கொண்டே திரும்பியவன்
கண்ணால் போட்ட கணக்கு அது.
நாம் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தால்
எதிரே நிற்பவன் எவனும் எட்டடிதான்.

அந்த நடுக்கத்தைத்தான்
தோளில் இன்னொரு பிடி சதையாகப் பூசுகிறேன்.
ஆசிரியர் கேட்டபடி காலடியில் ஒரு புலி.
ரோமின் தூண்களில்
கை கட்டுண்டு மண்டியிட்டவன்
பத்து சென்ட் பத்திரிகையில் எழுந்து நிற்கிறான்.

காசிமிர் எட்டிப் பார்க்கிறான்.
"இது நானில்லை."
சட்டையை மாட்டிக்கொண்டே கேட்கிறான்:
"இவன் பாஷையில் இவன் என்ன சொன்னானாம்?"

புரட்டுகிறேன்.
அவன் சொன்னதாக ஒரு வரியும் இல்லை.
தெருவில் காசிமிரின் குதிரை
எதற்கும் மிரளாமல்
பனியை நக்கிக்கொண்டிருக்கிறது.