தொண்ணூற்றேழு சதவீதம்

காலை ஏழு. புந்தா அரேனாஸில்
ஜூலை மாதத்து ஏழு மணிக்குக்
கிழக்கு எது என்று யாருக்கும் தெரியாது.
படகிலிருந்து எலெயுதேரியோ அழைக்கிறார்:
"பதினோரு நிமிடம் பிந்துகிறது உன் கடல்.
நீ அனுப்பும் நீர்மட்டத்தை
எப்போதோ தாண்டி வந்தாயிற்று, யஸ்னா.
ஆறிப்போன சூப்பை எத்தனை நாள் ஊற்றுவாய்?"
வைத்துவிட்டார்.

அலை அளக்கும் கருவியைச் சந்தேகித்தேன் முதலில்.
பிறகு கேபிளை. பிறகு, வழக்கம்போல், என்னை.
கருவி சரி. கேபிள் சரி.
என்னைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை.

மூன்றாம் மாடிச் சர்வருக்குள்
கீழ்த்தளத்திலிருந்தே நுழைந்து
டாப் என்று தட்டினால்
பட்டியலின் உச்சியில், கால்மேல் கால் போட்டு,
எக்ஸ்ஆர்க்: தொண்ணூற்றேழு சதவீதம்.
திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற நிரல்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்தச் சர்வருக்குத் திரையே கிடையாது.
அதன் மானிட்டரை நிபால்தோ
நான்கு வருடம் முன்பு, உலகக் கோப்பை பார்க்க,
காவலாளி அறைக்குத் தூக்கிப் போனான்.
சீலே அந்த முறை தகுதியே பெறவில்லை,
அது வேறு கதை.

கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாத இயந்திரம்.
ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸரே
தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும்,
நொடிக்கு அறுபது தடவை,
யார் கண்ணுக்கு?

"கொன்றுவிடு" என்றான் நிபால்தோ, வாயில் ரொட்டியோடு.
"ஒரே வரி. தட்டிவிட்டு வா, காபி ஆறுகிறது."
கில் என்று எழுதி, எண்ணையும் எழுதி,
என்டர் மேல் விரல் வைத்துவிட்டேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது
அதே கிளையில் ஒரு டெர்மினல் ஜன்னல்,
அந்த ஜன்னலுக்குள்
எங்கள் அலைக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.
எக்ஸ்ஆர்க்கைக் கொன்றால் ஜன்னல் போகும்,
ஜன்னலோடு கடலும் போகும்.
புல்லுருவியை வெட்டப் போனால்
மரம் அதன்மேல் நிற்கிறது.
ரதோமிரோ செய்துவைத்த ஏற்பாடு.
ரதோமிரோ இப்போது சால்மன் பண்ணையில்,
சிக்னல் எட்டாத ஏதோ ஒரு நீர்ச்சந்தில்.

மானிட்டரை மார்போடு அணைத்து
மூன்று மாடி ஏறினேன்.
செருகினேன்.
திரை கொஞ்சம் யோசித்தது. கறுப்பு. நீலம்.
பிறகு நடுவில் ஒரு சின்னப் பெட்டி:

பிரிண்டர் தேடப்படுகிறது. காத்திருக்கவும்.

பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

நான்கு வருடம் முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பத்தைந்து.
பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
ஆறு மணிப் பேருந்துக்கு அவன் ஓடியிருப்பான்.
மிச்சமிருந்த மூன்று சதவீதத்துக்குள்
கடல் எப்படியோ ஒருக்களித்து நுழைந்து
வெளியேறிக் கொண்டிருந்திருக்கிறது,
மே மாதம் நாங்கள்
இன்னும் இரண்டு கருவிகளைச் சேர்க்கும்வரை.

அந்தப் பிரிண்டரை எனக்குத் தெரியும்.
அதன் காகிதத் தட்டில்
நிபால்தோ உருளைக்கிழங்கு வைத்திருக்கிறான்.

ரத்து என்றொரு பொத்தான் இருந்தது.
உடனே அழுத்தவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.
வட்டம் முப்பது சுற்றுச் சுற்றும்வரை
நின்று பார்த்தேன்.
பார்க்கப்படுகிறோம் என்று அதற்குத் தெரியாது,
பார்க்கப்படாததும் தெரிந்திருக்காது.

அழுத்தினேன்.
இரண்டு சதவீதம்.
மின்விசிறி மெல்ல இறங்கி அடங்கியது.
இத்தனை வருடம் இந்த அறையில்
காற்று என்று நான் நினைத்திருந்தது
காற்று இல்லை.
காற்று இப்போதுதான் கேட்டது, தூரத்தில்,
யார் வீட்டுத் தகரத்தையோ தூக்கிப் பார்த்து
வேண்டாமென்று வைத்தது.

மதியத்துக்குள் அலைக்கணக்கை
ஜன்னலிலிருந்து பெயர்த்தெடுத்து
இயந்திரம் விழிக்கும்போது தானே விழிக்கும்
சேவையாக மாற்றினேன்.
எழுத்து மட்டும் போதும் என்று சர்வரிடம் சொல்லி
மறுபடி துவக்கினேன். வரைவதை விட்டது.

எலெயுதேரியோ அழைக்கவில்லை.
சரியாக இருந்தால் அவர் அழைப்பதில்லை.

மானிட்டரோடு கீழே இறங்கினேன்.
காபி ஆறிப்போயிருந்தது.
நிபால்தோ கேட்டான்:
"கடைசியில் பிரிண்டர் கிடைத்ததா?"