கவிழ்த்த வாளி

பின்லாந்தில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் தெருதான்; லாரி போகும்.
பனியில் துளையிட்டுத்
தூண்டிலோடு குந்தியிருக்கிறாள் ஔனே.

"சைத்கோ?"
கடந்து போகிறவர்கள் கேட்பது இவ்வளவுதான்.
கிடைத்ததா?
அந்த வினையின் வேர்
காதில் நம் 'சாதா' போல விழுகிறது.
பிள்ளை பெறவும் தபால் வரவும் சளி பிடிக்கவும்
அது ஒன்றே போதும் அவர்களுக்கு.
நான் சிரிக்க முடியாது:
அரிசியும் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம்,
படியேறினால் மூச்சும் வாங்குகிறது.

தைஸ்தோ வருகிறான்.
காகித ஆலையில் இருபத்திரண்டு வருடம்;
வெள்ளிக்கிழமை 'உதைகள் பெற்றான்'.
வேலை போனால் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.
உதைத்த காலைப் பற்றி வாக்கியத்தில் ஒன்றுமில்லை.

அவன் மீனை விசாரிக்கவில்லை.
"சாங்கோ?" என்றான்.
அதே வினைதான்.
இங்கே பொருள்: உட்காரலாமா?

"சாத்."
வாளியிலிருந்த மூன்று மீன்களைப் பனியில் கொட்டி
வாளியைக் கவிழ்த்து
அவன் பக்கம் தள்ளினாள்.
இருட்டும்வரை இருவரும் பேசவில்லை.
அவன் கையில் தூண்டில்கூட இல்லை.

வீட்டில் கதவைத் திறந்த ரைலி
பார்க்காமலே கேட்டாள்:
"சைத்கோ?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே
"சைன்" என்றான்.
பெற்றேன்.