நீக்கல் மனு

கொக்கோலாவில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
யார்மோ ஹியெத்தலாவின் நான்காவது கடிதம்:
பதினான்கு வருடம் ஆயிற்று, தண்டனை முடிந்தது,
வேலை கேட்டுப் போகுமிடமெல்லாம்
உங்கள் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

அதே தபாலில் இல்டாவின் அப்பா. ஒரே வரி:
அந்த வாக்கியத்திலிருந்து அவனை எடுத்துவிட்டால்
என் மகளின் சைக்கிளை இடித்தது யார், பனியா?

மறக்கப்படும் உரிமை என்று சட்டத்தில் பெயர்.
எங்கள் வக்கீல் இரண்டு நாள் எடைபோட்டார்.
அவன் பெயரைத் தேடினால் எதுவும் வராது.
அவள் பெயரைத் தேடினால்
அவன் வருவான்.

இருவருமே நன்றி சொல்லவில்லை.

ஆவணப் பிரிவில் நான் ஒருத்திதான்.
எந்தப் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று
எண்ணுவதும் என் வேலை.
அந்தப் பக்கத்துக்கு மாதம் ஒரே ஒரு வருகை:
பத்தொன்பதாம் தேதி, நள்ளிரவு தாண்டி,
இல்டாவின் பெயர் வழியாக.

எந்த வீட்டிலிருந்து என்று பார்த்துவிடலாம்,
இரண்டு சொடுக்கு.
அனுமதி இல்லை. இருந்தாலும்தான்
தெரிந்துகொண்டு என்ன செய்வேன்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
சைக்கிளின் பின்விளக்கு எரிகிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.