தாழ்ப்பாள்

கரையை உடைக்க நாள் குறித்தாயிற்று:
செப்டம்பர் பதினான்கு, தாழ்நீர் காலை ஆறு நாற்பது.
பிளாக்வாட்டர் கழிமுகத்தில், மால்டனுக்குக் கிழக்கே,
கடலைக் கோதுமைக்கு வெளியே
தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைத்திருந்த மண்கரை.
அதில் நாற்பது மீட்டர் திறப்பு.
வரைபடம் என்னுடையது.

கோடையில் கிராம மன்றத்தில் கூட்டம் போட்டபோது
நாற்காலிகள் போதவில்லை.
"பணம் கொடுத்துக் கடலை உள்ளே விடுவீர்கள்.
பிறகு அதைத் தடுத்ததாகவும் சொல்வீர்கள்" என்றார்
நிலத்துக்காரர் மோரீன் தர்ஸ்டன்.
கரை அலையை அறைகிறது,
சதுப்பு அதைக் களைக்க வைக்கிறது என்றேன்.
ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம்.
யாரும் தலையாட்டவில்லை.
"வீட்டுக்குள் கடல் வந்து நீ பார்த்திருக்கிறாயா?"
பார்த்திருக்கிறேன் என்றேன்.
மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பக்கத்திலிருந்தவர் பிஸ்கட் தட்டை
என் பக்கம் நகர்த்தினார்.

குறித்த காலையில்
மண்வாரி ஓட்ட வந்த நைஜல்
பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான்:
"உங்கள் ஊரில் இதற்கு என்ன நடுவார்கள்?"
ஒரு மரம். இங்கே வளராது.
ஒரே உறைபனி போதும், கருகிவிடும்.
பெயர் அலையாத்தி.
"அப்படியென்றால்?"
அலையை ஆற்றுவது.
"ஆற்றுவது என்றால்?"
மூடியை வாங்கி, என் குவளைக்கும் அதற்குமாக
மூன்று முறை உயர்த்தி ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்துப் பார்த்தான்.
"பால் போதாது" என்றான்.
எந்திரத்தைக் கிளப்பினான்.

நண்பகலுக்குச் சற்று முன்பு ஓதம் ஏறியது.
படமெடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்.
இரைச்சலில்லை.
ஒரு விரல் அகல நீர்
உழவுசாலைப் பிடித்துக்கொண்டு
முகவரி விசாரிப்பவரைப் போல
உள்ளே நடந்தது.
மண்புழுக்கள் மேலே வந்தன.
அவற்றுக்கு யாரும் அறிவிப்பு அனுப்பியிருக்கவில்லை.

முதல் ஆண்டு முழுக்கச் சேறு, அதன் நாற்றம்.
தர்ஸ்டன் தொலைபேசியில் அழைத்து
நாற்றத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.
இரண்டாம் கோடையில் பச்சை ஊசிகள்.
குனிந்து ஒன்றைக் கிள்ளிக் கடித்தேன்.
உமரி.
அறிக்கையில் லத்தீன் பெயரை எழுதிவிட்டு
இன்னொன்றும் கிள்ளினேன்.

வெள்ளைத் தகடுகளைப் புதைத்து
அவற்றின் மேல் படியும் வண்டலை அளக்கிறேன்.
இந்த ஆண்டு ஐந்து மில்லிமீட்டர்.
கடல் ஏறியது நான்கு.
முந்தியிருக்கிறோம்,
ஒரு தீக்குச்சியின் தடிமன்கூட இல்லை.
சென்ற ஆண்டு பின்தங்கியிருந்தோம்.
அடுத்த ஆண்டு?

ஜனவரிப் புயலிரவில்
உள்ளே தள்ளிக் கட்டிய சிறுகரையின்
காலடிவரை வந்து நீர் நின்றது.
பதினோரு வீடுகளிலும் விளக்கு எரிந்தபடி இருந்தது.
சதுப்பாலா, காற்று திரும்பியதாலா என்று
விடிந்ததும் தர்ஸ்டன் கேட்டார்.
ஒரு புயலை வைத்துச் சொல்ல முடியாது என்றேன்.
"சொல்லிவிடுவாய் என்று பயந்தேன்" என்றார்.

அவருடைய இரும்புக் கதவொன்று
சேற்றின் நடுவில் நிற்கிறது.
இரு பக்கமும் வேலி இல்லை, வயல் இல்லை.
பிடுங்கிவிடவா என்று நைஜல் கேட்டதற்கு
தொடாதே என்றுவிட்டார்.
நீர்க்காகம் ஒன்று அதன்மேல் சிறகு உலர்த்தும்.

சில நாள் தாழ்நீரில்
ரப்பர் பூட்ஸ் பாதி புதைய அவர் வருகிறார்.
உமரியை மிதிக்காமல் சுற்றி நடக்கிறார்.
காற்று திறந்துவிட்ட கதவை இழுத்துச் சாத்தி
தாழ்ப்பாள் போடுகிறார்.
ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார்.

அவர் கரையேறும்வரை
அளவுகோலைப் பிடித்தபடி நிற்கிறேன்.
பிறகு ஓதம் வருகிறது,
கம்பிகளின் இடுக்கில் முதலில்,
அப்புறம் கதவைச் சுற்றி.